கீழேயிருந்து வந்த வெளிச்சம்

எட்டுப் புகைப்படங்கள். எட்டிலும் இருட்டு. அந்த இருட்டுக்குள் யாரோ படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது யாரோ படம் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் திரைப்படத்தில் வரும் காட்சி என்று ஒன்றிலும் எழுதவில்லை. பின்பக்கம் பென்சிலில் ஒவ்வொன்றிலும் ஒரு எண் மட்டும் இருந்தது.

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் செயலாளர் சார் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் இப்படி ஒரு போட்டி வைப்பார். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் ஸ்டில்களை வரிசையாகத் தொங்கவிடுவார். நடந்து நடந்து பார்த்து, படத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். ஒரு வருடம் எல்லாமே ரயில் காட்சிகள், இன்னொரு வருடம் எல்லாமே சாப்பாட்டு மேசைகள். கடைசியாக அவர் எடுத்து வைத்திருந்தது திரையரங்குக் காட்சிகள். அந்த விழா நடக்கும் முன்பே அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா (சாரின் மனைவியைச் சங்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) பீரோவிலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்துக் கொடுத்தார்.

"இந்த வருஷப் போட்டிக்குன்னு எடுத்து வச்சிருந்தார் தம்பி. விடை எழுதின தாளைத் தேடாத இடமில்லை. கிடைக்கலை. அவருக்கு எல்லாம் மனசுலதான் இருந்தது."

பழைய சினிமாக் காகிதங்களைத் தேடிப் படிப்பது என் வேலை. பாட்டுப் புத்தகம், லாபி கார்டு, விளம்பரத் துண்டு, ஸ்டில். எட்டுப் படங்களுக்கும் பெயர் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஏழு படங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. எட்டாவதற்கு நான்கு மாதம் ஆயிற்று.

உறையைக் கவிழ்த்ததும் முதலில் செய்தது படங்களை இரண்டு குவியலாகப் பிரித்தது. ஸ்டில் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தன் சொந்தக் கேமராவில் எடுப்பது. அவர் சினிமா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எடுப்பார், அல்லது டேக் முடிந்ததும் நடிகர்களை அப்படியே நிற்கச் சொல்லி எடுப்பார். அதனால் படத்தை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அதே கோணம் அகப்படாது. மற்றது, பிரிண்டிலிருந்தே ஒரு கட்டத்தைப் பெரிதாக்கி எடுப்பது. இதில் மணிமணியாகப் புள்ளி தெரியும், அசைவின் கலங்கல் இருக்கும், ஆனால் அந்தக் கணம் படத்துக்குள் கட்டாயம் இருக்கும். எது எந்தச் சாதி என்று தெரியாமல் தேடத் தொடங்கினால் இரவுகள் வீணாகும். சாரின் எட்டில் ஐந்து பழைய பளபளப்புத் தாளில் கழுவியவை, மூன்று கணினியில் அச்செடுத்தவை.

முதல் மூன்றும் ஆபரேட்டர் கேபினுக்குள் எடுத்தவை. கேபின் படங்கள் கண்டுபிடிக்க எளிது, ஏனென்றால் புரொஜெக்டரே அடையாளம் சொல்லிவிடும். பிலிம் துண்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கும் சிறுவன், பக்கத்தில் மீசைக்கார ஆபரேட்டர்: ஜூசெப்பே தோர்னதோரேயின் 'சினிமா பாரடைசோ', 1988. அடுத்தது பசுபதி. வீட்டைவிட்டு ஓடிவந்து தியேட்டரிலேயே வளர்ந்து ஆபரேட்டராகும் முருகேசன், வசந்தபாலனின் 'வெயில்', 2006. இவை இரண்டையும் நம் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, புரொஜெக்டருக்குப் பக்கத்தில் தூங்கிப்போன ஒல்லி மனிதன், அவன் உடம்பிலிருந்தே கண்ணாடி போல் எழுந்து நிற்கும் இன்னொரு அவன். பஸ்டர் கீட்டனின் 'ஷெர்லாக் ஜூனியர்', 1924. கனவில் எழுந்த அந்த இரண்டாவது கீட்டன் கேபினைவிட்டு இறங்கி, பார்வையாளர்களைத் தாண்டி, நேராகத் திரைக்குள் நடந்து போய்விடுவான். முதல் முறை அவன் உள்ளே நுழையும்போது அங்கே திரையே இல்லை. மேடையில் சட்டம் அடித்து, அதற்குள் அறை கட்டி, உயிருள்ள நடிகர்களை நிறுத்தி, படம் ஓடுவது போலத் தோன்றும்படி வெளிச்சம் போட்டிருந்தார்கள். திரையரங்குக் காட்சியில் திரையை நம்பக் கூடாது என்று சார் முன்கூட்டியே சொல்லி வைத்தது போல இப்போது படுகிறது. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மீதி ஐந்தும் மறுபக்கம், நாற்காலிப் பக்கம் எடுத்தவை. ஐந்திலும் திரை தெரியவில்லை. பார்க்கிறவர்களின் முகம் மட்டும்தான்.

இந்தப் போட்டிக்குச் சாரிடம் ஒரு விதி உண்டு. காட்சியில் உள்ளவர்கள் ஒரு படம் பார்க்கிறார்கள் என்றால் அந்தப் படத்தின் பெயரையும் எழுத வேண்டும். ஒன்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண். ஆய்வு செய்கிறவனுக்கு இது நல்ல பிடி. உள்ளே ஓடும் படம் 1931-இல் வந்தது என்றால் வெளியே இருக்கும் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கல்வெட்டில் ஒரு மன்னன் பெயர் கிடைத்தது போலத்தான், அதற்கு முன்னால் தேட வேண்டியதில்லை.

நான்காவது படத்தில் காதளவு கத்தரித்த கறுப்பு முடியோடு ஒரு பெண். கன்னத்தில் கண்ணீர் இறங்கி நிற்கிறது. அன்னா கரீனா. கொதாரின் 'விவ்ர் சா வீ', 1962. நானா என்கிற அந்தப் பெண் பார்ப்பது கார்ல் டிரையரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்', 1928. திரையில் ஃபால்கொனெத்தியின் முகம், துறவியாக வரும் ஆந்தோனான் ஆர்த்தோ வந்து மரண தண்டனையைச் சொல்கிறார், ஜோன் அழுகிறாள், இங்கே நானா அழுகிறாள். முப்பத்து நான்கு வருட இடைவெளியில் இரண்டு முகமும் ஒரே அளவில் மாறி மாறி வருகின்றன.

பெயர் தெரிந்த பிறகும் இந்தப் படத்தை என்னால் கீழே வைக்க முடியவில்லை. டிரையர் படத்தின் மூல நெகடிவ் 1928-இலேயே பெர்லினில் தீயில் போயிற்று. அதன் பிறகு உலகம் சுற்றியவையெல்லாம் மாற்றிக் கோத்த பிரதிகள். டிரையர் தொகுத்த வடிவத்தின் ஒரு பிரதி 1981-இல் நார்வேயில், ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் கிடைத்தது. அப்படியென்றால் 1962-இல் இருட்டில் உட்கார்ந்து நானா பார்த்து அழுதபோது, ஜோனின் முதல் வடிவம் அந்த அலமாரிக்குள் யாரும் தேடாமல் கிடந்திருக்கிறது. பிலிம் பெட்டி எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. என்னைப் போன்றவர்கள் எந்தப் பரணையும் விடாமல் ஏறிப் பார்ப்பது இதனால்தான்.

ஐந்தாவதில் கூட்டம். நடுவில் ஆறேழு வயதுச் சிறுமி, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் இமைக்க மறந்துவிட்டது. எந்த நாட்டுக் கொட்டகை என்று பார்க்க நாற்காலிகளைக் கவனித்தேன். திரையரங்கு நாற்காலி ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இங்கே ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஒன்றுக்குப் பின்சாய்வு உயரம், ஒன்று சமையலறை முக்காலி, ஒன்று வைக்கோல் பின்னியது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள்! எங்கள் ஊரில் செய்தித்துறை வேன் வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டினால் சாயங்காலமே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடிப்போம். அந்த ஞாபகம் வந்ததும் படமும் வந்துவிட்டது. விக்தோர் எரீசேயின் 'தி ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்', 1973. காலம் 1940, ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியில் ஒயுவேலோஸ் என்ற கிராமம். லாரியில் படப்பெட்டி வருகிறது, ஊர்ச் சனம் நாற்காலியோடு போகிறது. பார்ப்பது ஜேம்ஸ் வேலின் 'ஃபிராங்கென்ஸ்டைன்', 1931.

அனா டோரெண்ட் என்கிற அந்தக் குழந்தை நடிக்கவில்லை. படப்பிடிப்பின்போது அவளுக்கு உண்மையாகவே அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஏரிக்கரையில் பூதமும் சிறுமியும் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் முதல் தடவையாகப் பார்க்கும்போது, ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாத்ராதோ கேமராவைக் கையில் பிடித்தபடியே அந்த முகத்தை எடுத்தார். குவாத்ராதோவுக்கு அந்த நாட்களில் பார்வை போய்க்கொண்டிருந்தது. அவள் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நெற்றியில் அதிகம், மோவாயில் குறைவு. திரை உயரத்தில் இருக்கிறது, வெளிச்சம் மேலேயிருந்து சரிந்து வருகிறது. கரீனாவின் முகத்திலும் அப்படித்தான். இதைக் குறித்துக்கொண்டேன்.

ஆறாவது, கணினி அச்சு. சிவப்பு நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்க, நடுவே வயதான ஒருவர். கண் கலங்கியிருக்கிறது. சீனமா, ஜப்பானா, கொரியாவா என்று மூன்று நாள் அலைந்தேன். விதியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. வெளிப்படத்திலிருந்து உள்படத்துக்குப் போகாமல், இந்தக் கிழவர் இளமையில் எப்படி இருந்திருப்பார் என்று பழைய வாள்சண்டைப் பட ஸ்டில்களில் தேடினேன். கிங் ஹூவின் 'டிராகன் இன்', 1967, கதாநாயகன் ஷி ஜுன். அதே புருவம், அதே தாடை. ஆக இது சாய் மிங் லியாங்கின் 'குட்பை, டிராகன் இன்', 2003. மூடப்போகும் தைபே திரையரங்கில் கடைசி இரவு. திரையில் வாள் சுழற்றும் இளைஞனை முப்பத்தாறு வருடம் கழித்து அவனே உட்கார்ந்து பார்க்கிறான். உள்ளே இருக்கும் படத்துக்கும் வெளியே இருக்கும் படத்துக்கும் விடை ஒரே முகத்தில் இருந்தது. இதைத் தேர்ந்தெடுத்தபோது சாருக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது என்னைத் திருத்திய படம். தலையில் துணி சுற்றிய பெண், திரை வெளிச்சத்தில் நனைந்த முகம், பின்னால் மங்கலாக வேறு பெண்கள். ஜூலியட் பினோஷ் என்று தெரிந்ததும் சுலபமாகிவிட்டது: அப்பாஸ் கியரோஸ்தமியின் 'ஷிரின்', 2008. படம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நடிகைகளின் முகங்கள்தான். அவர்கள் பார்ப்பது பாரசீகக் கவிஞர் நிஜாமி எழுதிய குஸ்ரு, ஷிரின் காதல் கதை. அதன் ஒலி மட்டும் நமக்குக் கேட்கிறது. உள்படத்தின் பெயரை எழுதத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்படி ஒரு படமே கிடையாது. கியரோஸ்தமி தன் வீட்டுக்குள் சில நாற்காலிகளைப் போட்டு, நடிகைகளைச் சிலர் சிலராக உட்கார வைத்து, கேமராவுக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளில் வைத்த புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி எடுத்தார். எந்தக் கதையை ஒலியாகச் சேர்ப்பது என்பதே பிற்பாடு முடிவானதுதான். முகத்தில் அலையும் அந்த வெளிச்சம் திரையிலிருந்து வந்ததல்ல, விளக்கைப் போட்டு ஆட்டியது.

முன்னாளில் எடுத்த திரையரங்குக் காட்சிகளில் இது சகஜம்தான். திரையிலிருந்து திரும்பும் வெளிச்சம் அன்றைய பிலிமுக்குப் போதாது. ஆகவே முன்னால் ஒரு விளக்கை வைத்து, அதன் எதிரே அட்டையை அசைத்துப் படம் ஓடுவது போலச் செய்வார்கள். தெரிந்த விஷயம்தான் எனக்கு. ஆனாலும் வெளிச்சம் விழுந்த முகத்தைக் கண்டதும் எதிரே திரை இருப்பதாக மனம் தானாக எடுத்துக்கொள்கிறது.

எட்டாவதற்கு வருகிறேன்.

கறுப்பு வெள்ளை. பழைய தாள், மூலையில் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. இளம்பெண், சேலை, வகிட்டில் கருங்கோடாகத் தெரியும் குங்குமம், மை தீட்டிய பெரிய கண்கள். சுற்றிலும் கும்மிருட்டு. முகம் மட்டும் ஒளியில் மிதக்கிறது. உதட்டில் சிரிப்பு இப்போதுதான் தொடங்குகிறது.

இந்தியப் படம், அநேகமாக வங்காளம் என்பதில் சந்தேகமில்லை. வங்காளம் என்றதும் நிமாய் கோஷ் எடுத்த ஸ்டில் என்று நினைத்தேன். சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளைக் கால் நூற்றாண்டு படம் பிடித்தவர் அவர். ஆனால் ராயிடம் அவர் வந்து சேர்ந்தது 'கூபி கைன் பாகா பைன்' சமயத்தில், அறுபதுகளின் இறுதியில். இந்தத் தாளும் ஒளியும் அதற்கு மூத்தவை. அந்த வழி அடைத்துக்கொண்டது. திரையரங்குக் காட்சி வரும் வங்காளப் படங்கள், இந்திப் படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டினேன். நடிகையின் முகம் எங்கோ பார்த்தது போலவும் இருந்தது, பிடிபடவும் இல்லை. நான்கு மாதம் போனது இப்படித்தான்.

ஒரு நாள் எட்டையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளப்புத் தாள்கள் ஐந்துக்கும் வெள்ளை ஓரம் உண்டு. நான்கில் நாலு பக்கமும் இருக்கிறது. எட்டாவதில் மூன்று பக்கம்தான். கீழ் ஓரம் இல்லை. விரலால் தடவினேன். மேல் விளிம்பு இயந்திரம் நறுக்கிய வழவழப்பு; கீழ் விளிம்பு நடுவில் மிக மெல்ல வளைந்து போயிற்று. கத்தரிக்கோல்.

அப்புறம்தான் முகத்தை மறுபடி பார்த்தேன். மோவாயின் அடிப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. மூக்கின் நிழல் மேல்நோக்கி ஏறுகிறது. நெற்றி இருட்டுக்குள் கரைகிறது. அனாவின் முகத்துக்கு நேர் எதிர். இந்த வெளிச்சம் கீழேயிருந்து, மிக அருகிலிருந்து, ஒரு முழத்துக்குள்ளிருந்து வருகிறது. எந்தத் திரையரங்கிலும் திரை பார்ப்பவரின் மடியில் இருக்காது. நான்கு மாதமாக இல்லாத ஒரு திரையை நோக்கித் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெட்டியெடுத்த துண்டில்தான் வெளிச்சம் இருந்திருக்க வேண்டும். எப்படியும் அதைத் தெரிந்துகொள்ளச் சங்கத்தின் பழைய பதிவேடுகளைத் தரும்படி அம்மாவிடம் கேட்டேன். சிவப்புத் துணி முதுகு ஒட்டிய நீளப் பேரேடு ஒன்று கிடைத்தது. திரையிட்ட ஒவ்வொரு படத்துக்கும் தேதி, பிரிண்ட் எங்கிருந்து வந்தது, எத்தனை ரீல், என்ன நிலை என்று எல்லாம் சாரின் கையெழுத்தில் இருந்தன. 16 எம்.எம். பிரிண்ட் புனே ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த நாட்கள், 'ரெண்டாம் ரீலில் ஒட்டு அதிகம்', 'மழைக்கோடு' என்பது போன்ற குறிப்புகள். பின்னாளில் டிவிடியில் திரையிட்டவற்றையும் விடாமல் எழுதியிருந்தார். பக்க எண்கள் பென்சிலில் போட்டிருந்தன. அந்த 4-இன் கொக்கியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எட்டாவது படத்தின் பின்பக்கம் 43 என்று அதே கொக்கியோடு எழுதியிருக்கிறது. நாங்கள் போட்டி வரிசை எண் என்று நினைத்தது பேரேட்டின் பக்க எண். விடைத்தாள் தொலையவில்லை, இத்தனை நாளும் அலமாரியில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

43-ஆம் பக்கத்தில் மூன்று படங்கள். தெ சீகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', குரோசவாவின் 'இகிரு', ராயின் 'அபுர் சன்சார்'. மூன்றாவதன் ஓரத்தில் இரண்டே சொல்: 'திரை ஜன்னலாகிறது'.

ஷர்மிளா தாகூர்! 'ஆராதனா'வின் வண்ண முகமாகவே அவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 1959-இல் தன் முதல் படத்தில் நடித்த பள்ளிக்கூடச் சிறுமியை அடையாளம் தெரியவில்லை. அவருக்கு அப்போது பதினான்கு வயது. உடன் நடித்த சௌமித்ர சாட்டர்ஜிக்கும் அதுதான் முதல் படம்.

அன்றிரவே படத்தைப் போட்டேன். கல்கத்தாவில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் அப்புவும் அபர்ணாவும் ஒரு புராணப் படத்துக்குப் போகிறார்கள். கேமரா திரையை நோக்கிப் போகிறது. திரையின் சதுரம் அப்படியே கரைந்து இன்னொரு சதுரமாகிறது. அது குதிரை வண்டியின் ஜன்னல். அதற்கு வெளியே தெரு பின்வாங்கிப் போகிறது. படம் முடிந்து அவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்குள் அப்பு சிகரெட்டை எடுக்க, அபர்ணா தீக்குச்சியைக் கிழிக்கிறாள். சுப்ரதோ மித்ராவின் ஒளிப்பதிவில் அந்த ஒரு சுடர் அவள் முகத்தை இருட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. உன் கண்ணில் என்ன இருக்கிறது என்று அப்பு கேட்கிறான். மை என்கிறாள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் அவள் அங்கேயே இறந்துவிடுவாள். இவர்களுக்கு இன்னும் மிச்சமிருப்பது சில நாட்கள்தான்.

ராய் மூன்று படங்களாக எடுத்த அப்புவின் கதையின் நெகடிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு லேபில் பிடித்த தீயில் கருகின. 2015-இல் அவற்றைப் புதுப்பித்தபோது 'பதேர் பாஞ்சாலி'யிலும் 'அபராஜிதோ'விலும் கணிசமான பகுதியை அந்தக் கருகிய நெகடிவிலிருந்தே மீட்டார்கள். 'அபுர் சன்சா'ரில் எதையும் மீட்க முடியவில்லை. முழுப் படத்தையும் வேறு பிரதிகளிலிருந்து எடுத்துத்தான் சேர்த்தார்கள். நான் அன்று நிறுத்தி நிறுத்திப் பார்த்த சுடர் அப்படித் தப்பி வந்தது.

மறுநாள் மடிக்கணினியோடு அம்மா வீட்டுக்குப் போனேன். எட்டாவது படத்தைக் கையில் கொடுத்து, கீழ் விளிம்பைக் காட்டினேன்.

"தையல் மெஷின் மேல இருந்த கத்தரியைக் கேட்டார் தம்பி. போட்டோவை வெட்டப்போறேன்னு சொல்லலை. சொல்லியிருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

படத்தைப் போட்டேன். திரை வந்தது, ஜன்னல் வந்தது, தீக்குச்சி உரசியது. அம்மா கையிலிருந்த புகைப்படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை அந்த வளைந்த விளிம்புக்குக் கீழே, குச்சி இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டார்.

"கொட்டகைல உக்காந்திருக்காங்களே, அங்கேர்ந்து இன்னொரு தரம் போடுங்க."